வாத்துக் கதையில் ஒரு பக்கம்

நான் கொடுத்தனுப்பிய புத்தகங்கள் எல்லாம் குங்குமத்தோடு திரும்பி வந்தன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் வைத்துப் படிக்கட்டும் என்று கொடுத்த கதைப் புத்தகங்கள். அட்டையின் மேல் மூலையில் சந்தனம், அதன்மேல் குங்குமம், சிலவற்றில் காய்ந்த சாமந்தி இதழ். திறந்து பார்த்தால் ஒரு பக்கம்கூட மடங்கியிருக்காது. எங்கள் லைன் வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் இருந்தது. அவர்களாவது படிக்கவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா புத்தகத்தை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடி, ஜெபம் செய்து, அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு எரிச்சலாக வந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எனக்கு எதுவும் வராது. சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவேன்.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு அடிபம்பு. அந்தப் பக்கம் அப்போது கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது. ஏரி, வயல், கல்குவாரி லாரி கிளப்பும் புழுதி, அவ்வளவுதான். என் கணவர் பஸ் பிடித்து, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வந்தார். அதற்கு முன்னால் தாம்பரத்தில் இருந்தோம். அங்கே எங்கள் பையன் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். ஒண்ணாங்கிளாஸ் பையன். எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருந்தான்.

அதற்குப் பிறகு தெருவில் இறங்கினால் கேள்விதான். பால்காரர் கேட்பார், ரேஷன் கடையில் கேட்பார்கள், கோவில் வாசலில் செருப்பு விடும்போது கேட்பார்கள். "எப்படிம்மா ஆச்சு, நல்லாத்தானே இருந்தான்." சொல்லிச் சொல்லி, அது வேறு யார் வீட்டிலோ நடந்த விஷயம்போல ஆகிவிட்டது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அதனால் நாங்கள் ஊரையே விட்டுவிட்டு, எங்களை யாருக்கும் தெரியாத இடத்துக்கு வந்தோம். எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தான் என்று லைன் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போம் அல்லவா, அப்படி அவ்வப்போது என்னையே கிள்ளிப் பார்ப்பேன். ஒன்றும் உறைக்காது. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நடந்தபிறகு, டிவி இருந்த ஒரே வீட்டில் பெண்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. நான் வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல் நெஞ்சுக்காரி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னால் சொல்லட்டும்.

பையனின் சட்டைகளை என் நாத்தனார் யாருக்கோ கொடுத்துவிட்டார். அவன் கதைப் புத்தகங்கள் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியில் எங்களோடு வந்தன. மழைக்கு முன்னால் பெட்டியின் அடியில் கரையான் ஏறியிருந்தது. கணவர் அதைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கரையான் தின்னுறதுக்கு, இந்தப் பசங்களுக்காவது படிச்சுக் காட்டேன்."

சரி என்றேன். அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் சரி என்பேன்.

அப்படித்தான் சாயங்காலங்களில் அடிபம்பு மேடையில் உட்கார்ந்து படித்துக்காட்ட ஆரம்பித்தேன். பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள், பின்னால் யாராவது குடம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். பம்பு கிறீச்சிடும்போது நிறுத்துவேன், நின்றதும் படிப்பேன். நான் ரசித்துப் படித்தேன் என்று சொல்லமாட்டேன். வாய் படித்தது, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. நாளுக்கு நாள் கூட்டம் சேர்ந்தது.

அவர்களுக்கு மிகவும் பிடித்தது ஒரு வாத்துக் கதை. அம்மா வாத்து குஞ்சுகளை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போகும். காற்றும் மழையும் வரும். வீட்டுக்குத் திரும்புவார்கள். கடைசியில் குஞ்சுகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஆடும். எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் வாத்தைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

"வாத்து எங்கக்கா அடகாக்கும்? முட்டய போட்ட எடத்துல வுட்டுட்டுப் போய்க்கினே இருக்கும். கோழிய வச்சிதான் பொரிக்க வப்பாங்க," என்றான் ஒருவன்.

"இது புத்தகத்து வாத்து, இது காக்கும்," என்றேன்.

"பொய் வாத்து," என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் தினமும் அதைத்தான் கேட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு இடம் வந்தால் நான் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிடுவேன். மழையில் திரும்பும் வழியில் அம்மா வாத்து பின்னால் பார்க்கும், கடைசிக் குஞ்சைக் காணோம். கூப்பிடும். பதில் வராது. அந்தப் பக்கத்தை என்னால் படிக்க முடியவில்லை. அது இல்லாமலே கதையை ஓட்டினேன். அடுத்த பக்கத்தில் கோரைப்புல்லுக்குள்ளிருந்து கடைசிக் குஞ்சு வெளியே வரும், அம்மா அதைச் சிறகுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், எல்லாரும் ஆடுவார்கள். எதற்கு ஆடுகிறார்கள் என்பதற்குக் கதையில் காரணமே இல்லாமல் போயிற்று.

அதைக் கேட்டது ஒரே ஒரு பெண்தான். மூன்றாவது வீட்டுப் பெண், எட்டு வயது இருக்கும். "வூட்டுக்கு வர்றதுக்கு எதுக்குக்கா ஆடுதுங்க? தெனிக்குந்தான் வூட்டுக்கு வருதுங்க."

"கதை அப்படித்தான்," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். திருப்தியாகவில்லை என்பது தெரிந்தது.

அவளுடைய அப்பா கல்குவாரியில் லோடுமேன். அம்மா நடவு, களை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவாள். முன்பு செங்கல் சூளை சூளையாகப் போய்க்கொண்டிருந்த குடும்பம். அதனால் அவளுக்குப் பள்ளிக்கூடம் விட்டு விட்டுத்தான் நடந்தது. பெயர் மூணாங்கிளாஸில் இருந்தது, படிக்க மட்டும் தெரியாது. பெரிய சார் ஒரு நாள் அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: காலாண்டு லீவு முடிந்து வரும்போது அவர் காட்டும் பக்கத்தைப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டியதுதான்.

அதைக் கேட்டு அவள் அப்பா சொன்னது அந்த வரிசை முழுக்கக் கேட்டது. "ஒண்ணாங்கிளாஸ்ல போயி மூக்கு ஒழுகுற பசங்களோட குந்தறதுக்கு, வூட்ல குந்திக்கினு தம்பியப் பாத்துக்கட்டும். ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஒதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

மறுநாள் அவள் அம்மா என்னிடம் வந்தாள். வாசல்படியைத் தாண்டவில்லை. "யக்கா, அது ஒன் கதைய அப்டியே ஒப்பிக்குது. அதுக்கு எப்டியாவது படிப்ப ஏத்தி வுடு. வுட்டா நின்னுடும். நின்னா அப்பறம் என்னாட்டந்தான்."

சரி என்றேன்.

வாத்துக் கதையைக் கொடுத்து, படி என்றேன். மளமளவென்று படித்தாள். நடுவில் விரலை வேறு ஓட்டினாள். அடடா, படிக்கிறதே, அந்த சாருக்குத்தான் பொறுமை இல்லை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் வாய் முதல் வரியில் இருந்தது, விரல் கடைசி வரியில் இருந்தது. எல்லாம் மனப்பாடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும் முறையே அதுதான். ஒரு கெட்டிக்காரப் பிள்ளை முதலில் சொல்லும், மற்றதெல்லாம் பின்னாலேயே ராகம் போட்டுச் சொல்லும். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் பாடம் நேராக வரும். நான் சாயங்காலம் செய்துகொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுதானோ என்று தோன்றியது.

பிறகு கரிக்கட்டையை எடுத்துக்கொண்டு சிமெண்ட் மேடையில் எழுத்து எழுத ஆரம்பித்தோம். உப்புப் பாக்கெட், தீப்பெட்டி, பஸ்ஸின் நெற்றியில் போட்டிருக்கும் ஊர்ப் பெயர், எதையும் விடவில்லை. எழுத்துகள் அவளுக்கு வேகமாக வந்தன. ஆனால் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல் என்றால் என் வாயைப் பார்ப்பாள். என் வாய் அசைந்தால் பிடித்துக்கொள்வாள். என் பையனும் இந்த இடத்தில்தான் நின்றான். அதற்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கே தெரியாது. நான் அதைத் தாண்டிப் போனதில்லை.

என் வாய் பக்கத்தில் இருப்பதுதான் இடைஞ்சல் என்று ஒரு நாள் பட்டது. வாத்துப் புத்தகத்தை அவளிடமே கொடுத்தேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. தனியா உட்கார்ந்து பாரு. யார்கிட்டயும் கேக்காத."

லீவு விட்டு, சரஸ்வதி பூஜையும் நெருங்கிவிட்டது. படித்தாயா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பூஜைக்கு முதல்நாள் நானே அவள் வீட்டுக்குப் போனேன். சுவரில் அடித்த பலகையில் சாமி படங்கள், நடுவில் என் பையனின் வாத்துப் புத்தகம். சந்தனம், குங்குமம், உள்ளே செருகிய செம்பருத்திப் பூவின் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் அப்பாவின் கடப்பாரையையும் சம்மட்டியையும் கழுவித் துடைத்துச் சாத்தி வைத்திருந்தார்கள்.

"நீ குடுத்த அன்னிக்கே மேல வச்சிட்டேன் யக்கா," என்றாள் அவள் அம்மா, பெருமையாக. "தெனிக்கும் வெளக்கு வச்சி அத்த கும்புட வைக்கிறேன். படிப்பு வரணும்னுதான்."

"எடுத்துப் படிச்சாத்தானேம்மா படிப்பு வரும்?"

"கிழிச்சிட்டா? சரஸ்வதி யக்கா. கிழிஞ்சா வித்த போயிடாதா?"

அப்போது எனக்குக் கோபம் வந்தது. சுள்ளென்று வந்தது. அந்த ஊருக்கு வந்தபிறகு எனக்கு வந்த முதல் கோபம் அது. இத்தனை நாளும் பிள்ளையைக் கும்பிட வைத்து வீணாக்கிவிட்டாளே, பள்ளிக்கூடம் திறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று கத்தப் போனேன். அவள் முகத்தைப் பார்த்தேன். தனக்குத் தெரியாத ஒன்றுக்கு, தனக்குத் தெரிந்த எல்லா மரியாதையையும் செய்துவிட்டு நின்றாள். கத்தவில்லை.

"சரி, இப்பவாவது எடுத்துக் குடு," என்றேன்.

"ஐயோ யக்கா, நாளிக்கி பூஜ. வச்சத எடுக்கக் கூடாது."

அதுவும் உண்மைதான். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்று என்னையும் சின்ன வயதில் மிரட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு நாள்தான் வருஷத்திலேயே பிடித்த நாள்.

"மறுநாள் மறுபூஜை பண்ணுவீங்க இல்ல?"

"பண்ணுவோம்."

"அது ஆனதும் அவரு கடப்பாரைய என்ன பண்ணுவாரு?"

"எடுத்துக்கினு போயி தரையில ஒரு குத்து குத்துவாரு. அன்னிக்கி லீவா இருந்தாலும் குத்திட்டுத்தான் சாப்புடுவாரு."

"குத்தலன்னா?"

"சாமி குத்தமாயிடுமே."

"அப்ப புத்தகத்துக்கும் அதுதானே. வச்சா எடுக்கணும், எடுத்தா ஒரு பக்கமாவது படிக்கணும். இல்லன்னா பூஜை அரைகுறை."

அவள் யோசித்தாள். நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை, எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அவர்கள் வீட்டில் அதுவரை பூஜைக்கு வைக்கப் புத்தகம் இருந்ததில்லை, அதனால் இந்தப் பாதி தெரியாமல் போயிருந்தது. "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"எது தெறக்குதோ அது."

விஜயதசமி காலையில் நான் பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னப் பெண் நெற்றி நிறைய விபூதியோடு, புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். நடந்து வந்த விதமே சண்டைக்கு வருவதுபோல இருந்தது.

"யக்கா, நீங்க ஒரு பக்கத்த வுட்டுட்டீங்க."

பம்பிலிருந்து கையை எடுத்தேன்.

"எந்தப் பக்கம்?"

"பூ வச்ச பக்கம். நீங்க படிச்சதே இல்ல. நானா படிச்சேன். எங்கம்மா படிக்காம சோறு இல்லன்னுச்சு. ரொம்ப நேரம் ஆச்சு." மேடையில் உட்கார்ந்து, செம்பருத்திச் சாறு நீலமாகப் படிந்த இடத்தைத் திறந்தாள். விரலை வைத்தாள். விரல் எங்கே இருந்ததோ, வாயும் அங்கேதான் இருந்தது.

"அ... ம்... மா, அம்மா. வாத்... து. அம்மா வாத்து. தி... ரும்... பி. திரும்பிப் பார்த்... தது. க... டை... சி. கடைசிக் கு... ஞ்சை. கடைசிக் குஞ்சைக் கா... ணோம்."

அந்தப் பக்கத்தை நான் இங்கே யாருக்கும் வாய்விட்டுப் படித்ததில்லை. அதனால் மனப்பாடம் செய்ய வழியில்லை. அவள் படிக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்பதும் புரிந்தது.

"எங்... கே போ... னாய் என்று கூப்... பிட்டது. பதில் இல்... லை. மறு... படியும் கூப்பிட்டது. பதில் இல்லை." நிமிர்ந்தாள். "அதாங்க்கா ஆடுதுங்க. காணாப் போயிட்டு வருது. அதான் ஆடுதுங்க. இது இல்லாம படிச்சா எப்டித் தெரியும்?"

"தெரியாதுதான்," என்றேன்.

"இங்க யாரோ கலர் பென்சில்ல வரஞ்சிகீறாங்க. காணாப் போன குஞ்சு போலகீது." இடப்பக்கத்துப் படத்தில், தண்ணீர் ஓரத்தில், மஞ்சளாக ஒரு உருண்டை, இரண்டு குச்சிக் கால். "புக்குல இல்லாதத எதுக்குக்கா வரஞ்சாங்க?"

"எம் பையன் வரஞ்சான்."

சொன்னபிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

"உங்களுக்குப் பையன் கீறானா?"

"இருந்தான். காய்ச்சல்ல செத்துட்டான். இந்தப் பக்கம் வந்தா அழுவான். ஒரு நாள் அவனே குஞ்சை வரைஞ்சு வச்சுட்டான். அம்மா வாத்து பாக்கட்டும், கூப்பிட வேணாம்னான்."

தாம்பரத்தில் அத்தனை பேரிடம் அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் காய்ச்சல், ஆஸ்பத்திரி, டாக்டர் சொன்னது, அதைத்தான் சொல்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அழுகை வரவில்லை. குடத்தில் தண்ணீர் பாதிதான் நிரம்பியிருந்தது, அதைத் தூக்க முடியவில்லை.

அவளுக்கு ஆறுதல் சொல்லும் வயதில்லை, நல்லவேளை. "அடுத்த பக்கத்தயும் படிக்கட்டா?" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அவள் அம்மா களைக்குப் போக வேண்டியிருந்ததால் நான் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய சார் பீரோவைத் திறந்தார். அரசாங்கம் கொடுத்த கதைப் புத்தகங்கள் அதற்குள் பிரிக்காத கட்டாகவே இருந்தன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். கிழிந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். அவரும் ஒரு மாதிரிக் குங்குமம்தான் வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலிருந்து ஒன்றை உருவி நடுப்பக்கத்தைக் காட்டினார். அவள் திக்கித் திக்கி, வியர்த்து, ஒரு பக்கம் முழுக்கப் படித்தாள். ராகம் போடவில்லை. என் வாயைப் பார்க்கவும் இல்லை.

"ம்," என்றார். "மூணாங்கிளாஸ்லயே உக்காரு." பிறகு புத்தகத்தை வாங்கி மறுபடியும் பூட்டினார்.

அவள் அப்பா அதற்குமேல் தடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் அம்மா சின்னப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய், வரப்பு ஓரத்து வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டாள். அவள் அஞ்சாவது வரைக்கும் படித்தது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நாங்கள் அந்த இடத்தை விட்டுவிட்டோம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலமும் வாத்துக் கதைதான் கேட்டார்கள். அந்த இடம் வந்தது. என் விரல் பழக்கத்தில் இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்தது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தாளை மட்டும் பிரித்துவிட்டாள். நான் புத்தகத்தை அவள் மடிக்கு நகர்த்தினேன். எழுத்துக்கூட்டி அந்தப் பக்கத்தை அவள்தான் படித்தாள். பதில் இல்லை என்று இரண்டாவது தடவை படித்தபோது பம்பில் தண்ணீர் அடித்தவர்கூட நிறுத்திவிட்டார்.

அவள் தம்பி, இன்னும் பேச்சே சரியாக வராதவன், தவழ்ந்து வந்து படத்தின் மேல் கையை அடித்தான். தண்ணீர் ஓரத்தில் இருந்த மஞ்சள் உருண்டையின் மேல்.

"தோ கீது," என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றேன். "அங்கதான் இருக்கு." பிறகு பக்கத்தைத் திருப்பி, மீதியை நான் படித்தேன்.